வெள்ளை எலி வளர்ப்பு: முதலில் இடம், பிறகுதான் ஜோடி

பிள்ளையாரின் வாகனம் என்று கும்பிட்டாலும், வயலில் எலியைக் கண்டால் விவசாயி சும்மா விடுவதில்லை. பயிரைத் தூரடியில் கடித்துச் சாய்ப்பதும், விளைந்த கதிர்களை வளைக்குள் இழுத்துப் பதுக்குவதும் அதன் வேலை. மூங்கில் கிட்டி வைத்தும், வளையை வெட்டியும், இருளர்களை அழைத்துப் பிடிக்கச் செய்தும் எலியை ஒழிக்கப் பாடுபடுகிறவர்களுக்கு, அதைக் கூண்டில் வைத்துத் தீவனம் போட்டு வளர்ப்பது என்ற பேச்சே வேடிக்கையாக இருக்கும்.

ஆனாலும் வெள்ளை எலியைச் செல்லப் பிராணியாக வளர்க்கும் பழக்கம் நகரங்களில் உண்டு. கோழிக்கும் முயலுக்கும் இடமில்லாத வீட்டில்கூட இரண்டு எலிகளை வைத்துக்கொள்ளலாம். குறைந்த முதல், குறைந்த தீவனம், மூன்று வாரத்தில் குட்டிகள். இதைக் கேட்டவுடன் உபதொழிலாகச் செய்து பார்க்கலாமே என்று பலருக்கும் தோன்றும். செய்யலாம். ஆனால் இதில் சிரமம் எலியை வளர்ப்பதில் இல்லை. அது பெருகுவதை அடக்குவதில்தான் இருக்கிறது. இதை அறியாமல் ஜோடி சேர்த்தவர்கள் மூன்றே மாதத்தில் திண்டாடிப் போவார்கள்.

வட சென்னையில் தண்டையார்பேட்டையை எடுத்துக்கொண்டால், இந்தப் பிராணிக்கு ஆகாதவை எல்லாம் அங்கே ஒருங்கே உள்ளன. இட நெருக்கடி, கடலோரப் புழுக்கம், மழைக்கால வெள்ளம், துறைமுகத்தையும் சரக்குக் கிடங்குகளையும் அண்டி வாழும் சாக்கடை எலிகள் ஆகிய நான்கையும் சமாளித்து அங்கே ஒரு வீட்டில் எலி வளர்க்க முடியுமானால், வேறு எந்த ஊரிலும் வளர்க்க முடியும். ஆகவே அந்த இடத்தை மனதில் வைத்தே வளர்ப்பு முறைகள் இங்கே கூறப்படுகின்றன.

எந்த எலி?

கிராமத்தில் வெள்ளெலி என்றால் வரப்பிலும் மேட்டு நிலத்திலும் வளை தோண்டும், வயிறு வெளுத்து, வால் நுனியில் கறுப்பு மயிர்க்கொத்து உள்ள எலியைக் குறிக்கும். அது வேறு இனம், வளர்ப்புக்கு உரியதன்று. கடைகளில் வெள்ளைச் சுண்டெலியும் விற்கிறார்கள். அது முழு வளர்ச்சியிலும் 25 முதல் 40 கிராம் எடைதான் இருக்கும். வளர்ப்பு வெள்ளை எலியோ பெண் 250 முதல் 350 கிராமும், ஆண் 400 கிராமுக்கு மேலும் வளரும். குட்டியாக வாங்கும்போது இரண்டும் ஒன்று போலத் தெரியலாம். தலையும் பாதமும் உடம்புக்குச் சற்றுப் பெரிதாகவும், வால் தடிப்பாகவும் இருந்தால் அது எலிக்குட்டி.

இந்த வெள்ளை எலி, பழுப்பு எலி என்ற சாக்கடை எலியின் வழிவந்தது. பழுப்பு எலியின் பூர்வீகம் வட சீனம், மங்கோலியப் பகுதி. கப்பலேறி உலகெங்கும் பரவிய இது, நம் நாட்டில் பெரும்பாலும் துறைமுக நகரங்களிலேயே தங்கிவிட்டது. கிராமத்து வீட்டுக் கூரையில் ஓடும் எலி வேறு வகை. துறைமுகத்தில் கட்டியிருக்கும் கப்பலின் வடக்கயிறுகளில் வட்டமான தகடுகள் மாட்டியிருப்பதைப் பலர் பார்த்திருக்கலாம். அவை கயிறு வழியாக எலி ஏறி இறங்காமல் தடுப்பதற்கே. கப்பல்கள் எலி ஒழிப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் நெடுங்காலம் இருந்தது. 2007-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேச சுகாதார விதிகளின்படி அது கப்பல் சுகாதாரச் சான்றிதழாக மாற்றப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் ஜாக் பிளாக் என்ற எலி பிடிப்பவர், தாம் பிடித்தவற்றில் நிறம் மாறிய எலிகளைத் தனியே வைத்துப் பெருக்கி விற்றார். 1901-ல் இங்கிலாந்தின் எய்ல்ஸ்பரி நகரில் நடந்த கண்காட்சியில் மேரி டக்ளஸ் என்ற பெண்மணியின் முயற்சியால் வளர்ப்பு எலிகளுக்கும் இடம் கிடைத்தது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள விஸ்டார் நிறுவனத்தில் 1906-ல் தொடங்கி உருவாக்கிய வெள்ளை எலி இனம் உலகமெங்கும் ஆராய்ச்சிக் கூடங்களுக்குப் பரவியது. பல தலைமுறைகளாகச் சாதுவானவற்றையே தேர்ந்தெடுத்துப் பெருக்கியதால், வளர்ப்பு எலி கையில் ஏறி உட்காரும், மிரண்டாலொழியக் கடிக்காது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. கூண்டிலுள்ள வெள்ளை எலியும் தெருச் சாக்கடையிலுள்ள பழுப்பு எலியும் ஒரே இனம். ஒன்றோடொன்று சேர்ந்தால் குட்டி போடும். ஒன்றின் நோய் மற்றதற்கு எளிதில் தொற்றும். ஆகவே தண்டையார்பேட்டையில் எலி வளர்ப்பவரின் முதல் வேலை, வீட்டு எலியையும் தெரு எலியையும் சந்திக்க விடாமல் பிரித்து வைப்பதே.

மாடியா, தரையா?

வட சென்னையில் மொட்டை மாடியில் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் ஏராளம். அந்தப் பழக்கத்தில் எலிக் கூண்டையும் மாடியில் வைத்துவிடக் கூடாது. எலிக்கு நம்மைப்போல் வியர்ப்பதில்லை. உடல் சூட்டைப் பெரும்பாலும் வால் வழியாகவே வெளியேற்றுகிறது. 20 முதல் 26 டிகிரி செல்சியஸ் வெப்பம் அதற்குச் சவுகரியமானது. 30-ஐத் தாண்டிப் புழுக்கமும் சேர்ந்தால் துன்பப்படும். கத்திரி வெயிலில் தகரம் அல்லது சிமெண்டு அட்டைக் கூரையின்கீழ் வைத்த கூண்டில் ஒரே பிற்பகலில் எல்லா எலிகளும் மடிந்துபோகக் கூடும்.

தரைத்தளமும் நல்லதன்று. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையைத் தாக்கிய வெள்ளங்களின்போது தாழ்வான வீடுகளில் சாக்கடை நீர் புகுந்தது. அந்த நீரோடு தெரு எலிகளும் மேடு தேடி வீட்டுக்குள் வரும். எனவே முதல் மாடியில், மேலே இன்னொரு தளம் உள்ள, வெயில் நேரே விழாத, காற்றோட்டமான அறை அல்லது தாழ்வாரமே உகந்தது. தரைத்தளம் தவிர வேறு இடமில்லாதவர்கள், கூண்டை மூன்றடி உயர மேடைமேல் வைத்து, வெள்ளம் வந்தால் தூக்கிச் செல்ல ஒரு சிறிய கூண்டையும் தயாராக வைத்திருக்க வேண்டும்.

அறையின் சன்னல், கழிவுநீர்த் துளை, கதவின் அடி இடுக்கு எல்லாவற்றுக்கும் அரை அங்குலத்துக்கு மேற்படாத கண்ணுள்ள கம்பி வலை அல்லது தகடு அடிக்க வேண்டும். பூனைக்கும் இது தடை. ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவர்கள் அண்டை வீட்டாரிடம் முன்னதாகவே சொல்லிச் சம்மதம் பெறுவது அவசியம். அவர்கள் வைக்கும் எலி விஷம் தப்பி ஓடும் வளர்ப்பு எலிக்கு எமனாகும். நாற்றம் பற்றிய சண்டையும் முன்கூட்டிப் பேசினால் குறையும்.

கூண்டு அமைப்பு

ஒரு எலிக்கு இரண்டு கன அடி இடம் வேண்டும் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரமுள்ள கூண்டு ஆறு கன அடி வரும். அதில் மூன்று எலிகள் இருக்கலாம். எலி ஏறி இறங்கும் பிராணி ஆதலால் இடையில் ஒரு தட்டு வைப்பது நல்லது.

சுவருக்கு அரை அங்குலக் கண்ணுள்ள ஜி.ஐ. கம்பி வலை போதும். ஆனால் குட்டிகள் அதன் வழியே நுழைந்து போய்விடும். குட்டி ஈனும் கூண்டுக்குக் கால் அங்குல வலை வேண்டும், அல்லது ஆழமான பிளாஸ்டிக் தொட்டிக்கு வலை மூடி போட்டும் பயன்படுத்தலாம். தரையில் வலை போடக் கூடாது. கம்பியிலேயே நடந்தால் பாதத்தில் புண் உண்டாகிச் சீழ் வைக்கும். தகடோ பிளாஸ்டிக் தட்டோதான் தரையாக இருக்க வேண்டும். மரக்கட்டையால் கூண்டு செய்வதும் தவறு. மரம் மூத்திரத்தை உறிஞ்சி நாறும். எலி அதைக் கடித்துத் துளைத்து வெளியேயும் வந்துவிடும்.

எலியின் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கடிப்பதற்குக் கொட்டாங்கச்சியும் கொய்யாக் குச்சியும் போட்டு வைக்க வேண்டும். ஒளிந்து படுக்க ஒரு சிறிய மண்பானையைக் கவிழ்க்காமல் பக்கவாட்டில் படுக்க வைத்தால் போதும். வெயில் காலத்தில் அந்தப் பானையின் வெளிப்புறத்தை நனைத்து வைத்தால் உள்ளே குளுமையாக இருக்கும். வெள்ளை எலியின் சிவந்த கண்களுக்குக் கடும் வெளிச்சம் ஆகாது. இரவு முழுவதும் விளக்கெரியும் இடத்தில் கூண்டை வைக்கக் கூடாது.

எலி தனித்து வாழும் பிராணியன்று. ஒற்றையாக வைத்தால் சோர்ந்துவிடும். இரண்டு பெண்களையோ, ஒரே ஈற்றுச் சகோதரர்களான இரண்டு ஆண்களையோ சேர்த்து வைப்பதே முறை.

படுக்கையும் சுத்தமும்

நெல் உமி மலிவான படுக்கைப் பொருள். கடும் வெயிலில் நன்றாகக் காயவைத்து, தூசு போகச் சலித்து, இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்ப வேண்டும். மரம் அறுக்கும் பட்டறைத் தூள் எந்த மரத்தினுடையது, என்ன மருந்து பூசியது என்று தெரியாததால் அதைத் தவிர்ப்பது நல்லது. கூடு கட்டிக்கொள்ளக் கிழித்த காகிதமும் பழைய பருத்தித் துணியும் போடலாம். நூல் பிரிந்து காலில் சுற்றாத துணியாகப் பார்த்துப் போட வேண்டும்.

நனைந்த இடத்து உமியைத் தினமும் அள்ளிவிட்டு, வாரம் ஒரு முறை முழுவதும் மாற்ற வேண்டும். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா நெடி எலியின் நுரையீரலைக் கெடுக்கும். கூண்டருகே குனியும்போது மனிதனுக்கே மூக்கு எரிகிறதென்றால் எலிக்கு எவ்வளவு கெடுதல் என்று சொல்ல வேண்டியதில்லை. கழித்த உமியை மக்கவைத்துப் பூச்செடிகளுக்கு இடலாம். பச்சையாக உண்ணும் கீரை, காய்கறிகளுக்கு இடக் கூடாது.

தீவனமும் தண்ணீரும்

வளர்ந்த எலிக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 கிராம் உலர் தீவனம் போதும். கோதுமைக் குருணை 400 கிராம், உடைத்த மக்காச்சோளம் 200 கிராம், பொட்டுக்கடலை 200 கிராம், எண்ணெய் நீக்கிய சோயா மாவு 100 கிராம், கேழ்வரகு 100 கிராம் சேர்த்தால் ஒரு கிலோ கலவை வரும். இதில் புரதம் சுமார் 16 சதவீதம் இருக்கும். சினை எலிக்கும் பால் கொடுக்கும் எலிக்கும் இதோடு வாரம் மூன்று முறை சிறிது வேகவைத்த முட்டையோ, முள் நீக்கி வேகவைத்த மீனோ கொடுத்துப் புரதத்தைக் கூட்ட வேண்டும். காசிமேடு பக்கத்தில்தான் இருக்கிறது என்று கருவாடு போடக் கூடாது, உப்பு அதிகம். முருங்கைக்கீரை, கேரட், வெள்ளரி ஆகியவற்றைக் கழுவிச் சிறிது கொடுக்கலாம்.

பூசணம் பிடித்த கடலையையும் கடலைப் பிண்ணாக்கையும் அறவே ஒதுக்க வேண்டும். பிண்ணாக்கிலுள்ள அப்ளாடாக்சின் என்ற பூசண நஞ்சு 1960-ல் இங்கிலாந்தில் ஏராளமான வான்கோழிகள் மடிந்த பிறகே கண்டறியப்பட்டது. அந்த நஞ்சு எலியின் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும். எலிக்கு வாந்தி எடுக்கும் சக்தி கிடையாது. உள்ளே போன விஷத்தை அது வெளியே தள்ள முடியாது. ஆகையால் மாட்டுக்கும் கோழிக்கும் ஆகாது என்று ஒதுக்கிய தானியத்தை எலிக்குப் போடலாம் என்ற எண்ணம் தவறு.

தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். 100 கிராம் எடைக்குச் சுமார் 10 மில்லி வீதம் குடிக்கும். கிண்ணத்தில் வைத்தால் உமி விழுந்து கெடும். நுனியில் சிறு உருண்டை வைத்த குழாய் பாட்டிலைத் தலைகீழாகக் கூண்டில் மாட்டி, தினமும் கழுவி நிரப்ப வேண்டும். உருண்டை அடைத்துக்கொள்வதுண்டு. கோடையில் ஒரு நாள் அடைத்தாலும் ஆபத்து. காலையும் மாலையும் விரலால் தொட்டு நீர் சொட்டுகிறதா என்று பார்ப்பது வழக்கமாகிவிட வேண்டும்.

இனவிருத்திக் கணக்கு

இனிதான் முக்கியமான விஷயம். பெண் எலி நான்கு அல்லது ஐந்து நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் 21 முதல் 23 நாள். ஓர் ஈற்றில் பொதுவாக 8 முதல் 12 குட்டிகள். குட்டி ஈன்ற 24 மணி நேரத்துக்குள் தாய் மீண்டும் சினை பிடிக்கும் நிலையில் இருக்கும். குட்டிகளோ ஐந்தாறு வாரத்திலேயே இனவிருத்திக்குத் தயாராகிவிடும்.

ஓர் ஆணும் இரண்டு பெண்களும் ஒரே கூண்டில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் பத்துப் பத்துக் குட்டி ஈன்றால் குட்டிகள் 20. அவற்றில் பாதி பெண். பிரிக்காமல் விட்டால் ஆறு ஏழு வாரத்தில் இந்தப் பத்தும் சினையாகும். பத்தாவது வாரத்தில் ஒவ்வொன்றும் எட்டுக் குட்டி ஈன்றாலே 80. முதல் ஈற்றுக் குட்டிகள் 20, பெற்றோர் 3 ஆகியவற்றையும் சேர்த்தால் 103. தாய் எலிகள் இதற்கிடையே ஈன்ற இரண்டாம், மூன்றாம் ஈற்றுகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. நூறு எலிகள் வளர்ந்தால் தினமும் ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாமல் தீவனம் வேண்டும். மாதம் 45 கிலோ. எலிக்கு இரண்டு கன அடி வீதம் இருநூறு கன அடி இடமும் வேண்டும். அதாவது ஐந்தடி நீளம், ஐந்தடி அகலம், எட்டடி உயரமுள்ள அறை முழுவதும் கூண்டாகவே நிற்க வேண்டும். தண்டையார்பேட்டையில் அப்படியொரு அறையை எலிக்கு விட்டுக் கொடுக்கக் கூடிய குடும்பம் எது?

இதனால்தான் ஜோடி சேர்ப்பதற்கு முன்பே நான்கு தனித்தனி இடங்கள் தயாராக இருக்க வேண்டும் என்பது. ஆணுக்கு ஒன்று, ஈனும் தாய்க்கு ஒன்று, பிரித்த ஆண் குட்டிகளுக்கு ஒன்று, பிரித்த பெண் குட்டிகளுக்கு ஒன்று. நான்கும் இல்லையென்றால் ஜோடி சேர்க்கக் கூடாது.

பெண்ணுக்கு நான்கு மாதம் ஆனபின் முதல் முறை சேர்க்கலாம். எட்டு மாதம் கடந்தும் ஈனாத பெண்ணைப் புதிதாகச் சேர்ப்பது பிரசவத்துக்கு ஆபத்து. பெண்ணை ஆணின் கூண்டில் பத்து நாள் விட்டு எடுத்துவிட வேண்டும். விட்ட தேதியையும் எடுத்த தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தால், விட்ட நாளிலிருந்து 21-ஆம் நாள் முதல் 33-ஆம் நாளுக்குள் குட்டிகளை எதிர்பார்க்கலாம். ஈனும்போது ஆண் உடனிருக்கவே கூடாது. ஒரு பெண்ணிடம் ஆயுளில் இரண்டு ஈற்றுக்கு மேல் எடுக்காமல், இரண்டுக்கும் இடையே சில மாதம் ஓய்வு கொடுப்பது அதன் உடல்நலத்துக்கு நல்லது.

குட்டிகள் பராமரிப்பு

பிறக்கும்போது குட்டி ஐந்தாறு கிராம் எடையில், மயிரின்றி, கண் மூடிச் சிவப்பாக இருக்கும். ஈனுவதற்கு இரண்டு நாள் முன்பே கூண்டைச் சுத்தம் செய்து, கூடு கட்டக் காகிதம் நிறையப் போட்டுவிட வேண்டும். ஈன்றபின் நான்கைந்து நாள் கூட்டைக் கலைக்கக் கூடாது. இறந்த குட்டி இருந்தால் அதை மட்டும் எடுத்துவிடலாம். சத்தமும் நடமாட்டமும் அதிகமாக இருந்தால் தாய் மிரண்டு குட்டிகளைத் தின்றுவிடுவதும் உண்டு. வினாயகர் சதுர்த்தி, தீபாவளி போன்ற வெடிச் சத்தமுள்ள நாட்களில் ஈற்று வராதபடி முன்கூட்டிக் கணக்கிட்டுக் கொள்வது புத்திசாலித்தனம்.

ஒரு வாரத்துக்குப் பிறகு மயிர் முளைக்கும். பத்தாம் நாளையொட்டிப் பெண் குட்டிகளுக்கு முலைக்காம்புகள் தெளிவாகத் தெரியும். ஆண், பெண் அடையாளம் கண்டு எழுதி வைக்க அதுவே நல்ல சமயம். இரண்டு வாரத்தில் கண் திறக்கும். அதன்பின் தினமும் பத்து நிமிடம் கையில் எடுத்துப் பழக்கிய குட்டிதான் பிற்காலத்தில் கடிக்காத எலியாகும். வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்க வேண்டும்.

மூன்று வாரத்தில் தாமாகவே தீவனம் தின்னும். நான்கு வாரம் முடிந்து ஐந்தாம் வாரம் நிறைவதற்குள் ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் சகோதரிகளிடமிருந்தும் பிரித்தே தீர வேண்டும். இன்று முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டால் மேலே கூறிய கணக்கு ஆரம்பமாகிவிடும். ஆறு வாரத்துக்கு முன் குட்டிகளை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

நோய்கள்

எலிக்கு வரும் முக்கியமான தொல்லை சுவாச நோய். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமியால் வரும் இது முழுவதும் நீங்குவது அரிது. தும்மல், மூச்சில் கரகரப்பு, மயிர் சிலிர்த்து ஒடுங்கி உட்காருதல் ஆகியவை அறிகுறிகள். மூக்கிலும் கண்ணிலும் சிவப்பாகக் கசிவது பெரும்பாலும் ரத்தமன்று. உடல் நலம் குன்றும்போது சுரக்கும் நிற நீர். இந்த அறிகுறியுள்ள எலியை ஜோடி சேர்க்கக் கூடாது. புதிதாக வாங்கிய எலியை மூன்று வாரம் வேறு அறையில் தனியே வைத்துப் பார்த்தபின்பே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும்.

ஒன்றரை வயதைக் கடந்த பெண் எலிகளுக்கு மார்பிலும் அக்குளிலும் கட்டி வருவது சாதாரணம். கட்டி சிறிதாக இருக்கும்போதே மருத்துவரிடம் காட்ட வேண்டும். வேப்பேரியில் 1903 முதல் இயங்கி வரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வட சென்னைவாசிகளுக்குத் தொலைவன்று. எலியின் ஆயுளே இரண்டு முதல் மூன்று ஆண்டுதான் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வைப்பது நல்லது.

வெயில் தாக்கிய எலி கால் பரப்பிப் படுத்து மூச்சு வாங்கும், எச்சில் வடியும். உடனே குளிர்ந்த இடத்துக்கு எடுத்துச் சென்று, வாலையும் பாதங்களையும் சாதாரணத் தண்ணீரால் நனைக்க வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்கக் கூடாது. கோடையில், உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் பக்கத்தில் வைத்தால் எலி தானே அதை ஒட்டிப் படுத்துக்கொள்ளும்.

வளர்ப்பவருக்கு எச்சரிக்கை

எலிக்காய்ச்சல் எனப்படும் லெப்டோஸ்பைரோசிஸ், எலியின் மூத்திரம் கலந்த நீர் காயத்திலோ கண்ணிலோ வாயிலோ படுவதால் வருவது. சேற்றில் வேலை செய்யும் விவசாயிகளும், வெள்ளத்தில் நடக்கும் நகரவாசிகளும் ஒரே மாதிரி இதற்கு ஆளாகிறார்கள். நோயைச் சுமக்கும் எலி நோயாளியாகவே தெரியாது. தெரு எலியோடு தொடர்பின்றி வளர்ந்த எலியிடம் ஆபத்து குறைவு. இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை அணிந்தே கூண்டைக் கழுவ வேண்டும். கழுவும் இடம் சமையலறையாகவோ குடிநீர்க் குழாயடியாகவோ இருக்கக் கூடாது. எலியைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுவது பிள்ளைகளுக்குக் கட்டாயப் பழக்கமாக வேண்டும். கடித்துவிட்டால் உடனே சோப்பு நீரால் கழுவி மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சலுடன் கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை ஏதேனும் தோன்றினால், வீட்டில் எலி வளர்ப்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

விற்பனையும் சட்டமும்

சென்னையில் செல்லப் பிராணி என்றால் ஒரு காலத்தில் மூர் மார்க்கெட். 1900-ல் திறந்த அந்தக் கட்டடம் 1985-ல் தீக்கிரையானது. பின்னாளில் பிராட்வே பகுதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை பெயர் பெற்றது. கொளத்தூரில் வீட்டுத் தொட்டிகளில் வண்ண மீன் வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. ஆனால் வண்ண மீனுக்கு உள்ள கிராக்கி வெள்ளை எலிக்கு இல்லை. வாங்குபவர்கள் சிலரே, அவர்களும் ஒரு முறை வாங்கினால் இரண்டு ஆண்டுக்கு வரமாட்டார்கள். விற்காமல் தங்கும் ஒவ்வொரு எலியும் ஆண்டுக்கு ஆறு கிலோவுக்கு மேல் தீவனம் தின்னும். ஆகவே இதைக் கைச்செலவுக்கு ஆகும் சிறு தொழிலாக எண்ணலாமே தவிர, குடும்பம் நடத்தும் வருமானமாக எண்ணக் கூடாது.

ஆராய்ச்சிக் கூடங்களுக்கு ஆயிரக்கணக்கில் வெள்ளை எலி தேவை, வளர்த்துக் கொடுத்தால் போதும் என்று சிலர் ஆசை காட்டலாம். அது அவ்வளவு எளிதன்று. 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆராய்ச்சிக்கென்று பிராணிகளைப் பெருக்கி விற்பவர்கள் அதற்கான மத்தியக் குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டுக் கூண்டில் பிறந்த, பரம்பரை தெரியாத எலி அவர்களுக்குப் பயன்படாது. கடையில் விற்பதற்கும் விதி உண்டு. 2018-ஆம் ஆண்டின் செல்லப் பிராணிக் கடை விதிகளில் நாய், பூனை, முயலோடு எலி வகைகளும் சேர்க்கப்பட்டுள்ளன. சந்தையில் போடும் கடையானாலும் மாநிலப் பிராணிகள் நல வாரியத்தின் பதிவு வேண்டும். விற்பனைக்கு இறங்குவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

குட்டியை நாங்களே கொடுக்கிறோம், வளர்ந்ததை நாங்களே வாங்கிக்கொள்கிறோம், முன்பணம் மட்டும் கட்டுங்கள் என்று யாராவது வந்தால் ஒதுங்கிவிட வேண்டும். ஈமு கோழி விஷயத்தில் இதே பேச்சை நம்பி முன்பணம் கட்டிய ஏராளமான விவசாயக் குடும்பங்கள் 2012-ல் பட்ட பாட்டைத் தமிழ்நாடு பார்த்தது. அங்கேயும் பறவை வளர்ந்தது, வாங்க ஆளில்லை.

மிஞ்சிய எலிகளைச் சாக்கடையிலோ வயலிலோ விட்டுவிடுவது பெரும் தவறு. கூண்டில் வளர்ந்தது ஓரிரு நாளில் பூனைக்கும் காக்கைக்கும் இரையாகும். தப்பிப் பிழைத்தால் தெரு எலியோடு சேர்ந்து பெருகி, அண்டை வீட்டுக்கும் அடுத்தவர் வயலுக்கும் தொல்லையாகும்.

ஆரம்பிப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் ஒரே ஈற்றுப் பெண் எலிகள் இரண்டை மட்டும் வாங்கி, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வளர்த்துப் பார்க்கட்டும். வெயிலில் அவற்றைக் காப்பாற்ற முடிந்தால், தெரு எலி அண்டாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால், வீட்டாரும் அண்டை வீட்டாரும் முகம் சுளிக்காமல் இருந்தால், குட்டியை வாங்கிக்கொள்ளப் பத்துப் பேராவது பெயர் கொடுத்திருந்தால், அப்போது ஆண் எலியைத் தேடலாம். அதற்குள் முதலில் வாங்கியவை எட்டு மாதத்தைக் கடந்திருக்கும். அவற்றைச் செல்லமாகவே வைத்துக்கொண்டு, இனவிருத்திக்கு இளம் பெண் எலிகளைத் தனியே வாங்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் முதல் இரண்டோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. இரண்டு எலிகளும் ஒரு நாளைக்குத் தின்பது ஒரு பிடித் தானியம்தான். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை.